2.50-க்கு அரை மார்க் கட்

சனிக்கிழமை சாயங்காலம். ராஸ்தா பேட்டையில் வாழை இலையும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "என்னம்மா?" என்றேன். பதில் இல்லை. தங்கமணி கண்ணாலேயே மேசையைக் காட்டினார். மேசை மேல் இயற்பியல் பிராக்டிகல் நோட்டு. சிவப்பு மையில் இரண்டு வட்டம், வட்டத்துக்குப் பக்கத்தில் அரை, அரை என்று மொத்தம் ஒரு மார்க் போயிருந்தது.

ஒரு மார்க்குக்கு ஒரு பதிவா என்று கேட்காதீர்கள். மார்க்குக்காக எழுதவில்லை. இந்தப் பதிவின் கடைசியில் எங்க அப்பா வருகிறார். அவருக்காகத்தான் எழுதுகிறேன். அதுவரைக்கும் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வட்டம் எதற்கு என்றால்: பதினொன்றாம் வகுப்பில் எல்லாரும் செய்கிற அதே சோதனைதான், வெர்னியர் அளவியை வைத்து ஓர் எஃகு உருளையின் விட்டம் அளக்கணும். இவள் அளந்து 2.50 செ.மீ. என்று எழுதியிருக்கிறாள். திருத்தியவர் கடைசிச் சுழியை வட்டம் போட்டு, தேவையில்லாத சுழி என்று அரை மார்க் வெட்டிவிட்டார். இரண்டாவது வட்டம் கன அளவுக்கு. நீளம் 5.00 செ.மீ., விட்டம் 2.50 செ.மீ. இவள் கணக்குப் போட்டு 24.5 கன செ.மீ. என்று நிறுத்தியிருக்கிறாள். "விடை முழுதாக இல்லை" என்று அங்கே இன்னொரு அரை.

பக்கத்துப் பெஞ்சுப் பெண் கால்குலேட்டரில் வந்ததை அப்படியே 24.543693 என்று எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறாளாம். "அவ எழுதுனதுதான்ப்பா தப்பு! நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று என் மேல் பாய்ந்தாள். நியாயம்தான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

என் பிழைப்பே இதுதான். சாக்கன் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அளவைக் கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அந்தச் சுழியை வைத்துத்தான் வீட்டுக்கு அரிசி வருகிறது. அதை ஒருத்தர் "தேவையில்லாதது" என்று வட்டம் போட்டால் எனக்குக் கோபம் வராதா?

*

சுழிக்கு என்ன மதிப்பு?

அளந்து ஓர் எண்ணை எழுதுகிறவர் இரண்டு சங்கதி சொல்கிறார். ஒன்று, எவ்வளவு இருக்கிறது என்பது. இன்னொன்று, அது எவ்வளவு தூரத்துக்குத் தனக்குத் தெரியும் என்பது. பள்ளிக்கூடத்தில் முதலாவதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை விதிமுறை என்ற பெயரில் மனப்பாடம் பண்ண வைக்கிறோம்.

2.5 செ.மீ. என்று எழுதினால், "2.45-க்கும் 2.55-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, அதற்குமேல் நான் பார்க்கவில்லை" என்று அர்த்தம். சாதாரண ஸ்கேல் வைத்து அளந்தவர் அப்படி எழுதலாம். 2.50 என்றால், "நான் அடுத்த இலக்கத்தையும் பார்த்தேன், அங்கே இருந்தது சுழி" என்று அர்த்தம். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பதும், பார்க்கவே இல்லை என்பதும் ஒன்றா? வாட்ச்மேன் ராத்திரி ரெண்டு மணிக்குச் சுற்றி வந்து "யாருமில்லை" என்று நோட்டில் எழுதுவதற்கும், தூங்கிப்போய் எழுதாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பள்ளி ஆய்வகத்து வெர்னியரின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. அந்தக் கருவி இரண்டாவது தசமத்தைக் காட்டத்தான் இருக்கிறது. இவள் பார்த்தாள். அங்கே சுழி இருந்தது. எழுதினாள். பார்த்ததை எழுதியதற்கு அரை மார்க் தண்டனை.

இப்போது அந்த 24.543693-க்கு வருவோம். விட்டத்தில் 0.01, நீளத்தில் 0.01 கூடக்குறைய இருக்கலாம் என்று வையுங்கள். இரண்டும் குறைவாக, 2.49, 4.99 என்று போட்டால் கன அளவு சுமார் 24.3. இரண்டும் கூடுதலாக, 2.51, 5.01 என்று போட்டால் சுமார் 24.8. அதாவது முதல் தசமமே ஆட்டம் கண்டுகொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிற 43693 எங்கிருந்து வந்தது? உருளையிலிருந்து வரவில்லை, அளவியிலிருந்தும் வரவில்லை. கால்குலேட்டருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாததால் வந்தது. அதற்கு நாம் முழு மார்க் கொடுக்கிறோம்.

(கணக்குக்கு நடுவில் இரண்டு இலக்கம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். நடுவிலேயே வெட்டினால் பிழை சேரும். கடைசி விடையை எழுதும்போதுதான் வெட்டணும். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது சண்டைக்கு வருவீர்கள்.)

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "ஸார், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா எனக்குக் குடுத்த விடைக்குறிப்புல 2.5-ன்னுதான் இருக்கு. நாற்பது நோட்டு திருத்தணும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குறை அவருக்கு மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. கீழே என்று சொன்னது நம்மை.

*

காரணத்தை வெட்டிவிட்டு விதியை வைத்துக்கொண்டார்கள்

மேலே உள்ளதை முதலில் பார்ப்போம். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்சிஇஆர்டி 2022-இல் பாடநூல்களைக் கத்தரித்தது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'அலகுகளும் அளவிடுதலும்' பாடத்திலிருந்து, கருவிகளின் துல்லியம், நுட்பம், அளவீட்டுப் பிழைகள் பற்றிய பகுதி போய்விட்டது. நீளம், நிறை, காலத்தை எப்படி அளக்கிறார்கள் என்ற பகுதிகளும் போய்விட்டன. முக்கிய எண்ணுருக்களுக்கான விதிகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. எந்தச் சுழியை எண்ணணும், எதை விடணும், கூட்டும்போது என்ன, பெருக்கும்போது என்ன.

அதாவது, மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கையில் கொடுத்திருக்கிறார்கள். அளவீட்டில் பிழை என்று ஒன்று இருக்கிறது, அது கருவியோடும் கையோடும் பிறந்தது, அதனால்தான் இலக்கத்தை எண்ணுகிறோம் என்று சொன்னால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அதைச் சொல்லாமல் "சுழிக்கு இடப்பக்கம் சுழி அல்லாத எண் இருந்தால்..." என்று ஆரம்பித்தால் எனக்கே தலை சுற்றுகிறது. சுமை குறையவில்லை ஐயா, அர்த்தம்தான் குறைந்தது.

நான் கோவில்பட்டிப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவன். எங்கள் வாத்தியார் மரமேசையைக் காட்டி, "ஆளுக்கொரு தரம் அளந்து கரும்பலகையில் எழுதுங்கடே" என்றார். ஒரே மேசைக்கு நாற்பது விடை வந்தது. "இதுல எது சரி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். அந்தப் பத்து நிமிஷம்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

*

29,002

எவரெஸ்ட் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம்ம ஊரில் தொடங்கிய கதைதான். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய நில அளவைதான், வடக்கே நீண்டு நீண்டு இமயமலை வரைக்கும் போனது. 1856-இல் ஆண்ட்ரூ வா எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார். கணக்கிட்டவர்களில் முக்கியமானவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார்.

வழிவழியாகச் சொல்கிற கதை என்னவென்றால், பல இடங்களிலிருந்து பார்த்த அளவுகளின் சராசரி மிகச் சரியாக 29,000 அடி வந்ததாம். அப்படியே எழுதினால், "இவர்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள்" என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள் என்று இரண்டு அடி சேர்த்தார்களாம். கதை நடந்ததோ இல்லையோ, அதிலுள்ள பயம் உண்மை. சுழியைப் பார்த்தால் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. 2 என்று முடிந்தால் அடடா என்ன துல்லியம் என்கிறோம்.

2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8848.86 மீட்டர். பழைய 29,002 அடி என்பது சுமார் 8839.8 மீட்டர். வித்தியாசம் 9 மீட்டர், அதாவது சுமார் 30 அடி. முப்பது அடி ஆட்டத்தில் அந்த இரண்டு அடிக்கு என்ன மரியாதை? நூறு மைலுக்கு அப்பால் நின்று, கிட்டே போகாமலேயே, ஆயிரத்தில் ஒரு பங்கு பிழையில் சொன்னார்களே, அது பெருமை. கடைசி 2 வெறும் பவுடர் பூச்சு.

இன்னொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 98.6. பிள்ளைக்கு 98.9 காட்டினால் எத்தனை பாட்டிமார் ஸ்கூலுக்கு லீவு போட வைத்திருப்பார்கள்! ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் 1868-இல் உடல்சூட்டைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். அதில் வந்த 37 டிகிரி செல்சியசை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றினால் 98.6. மாற்றும்போது இரண்டு இலக்கம் மூன்று இலக்கமாகிவிட்டது, கூடுதல் இலக்கத்துக்குக் காசு கொடுத்தவர் யாருமில்லை. 37 என்பதை 'முப்பத்தேழு வாக்கில்' என்று எடுத்துக்கொண்டால் 97.7-இலிருந்து 99.5 வரைக்கும் அதற்குள் அடங்கும். 1992-இல் அமெரிக்காவில் 148 ஆரோக்கியமான ஆட்களுக்கு அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்றுதான் வந்தது. ஆனால் அந்த .6 நம் மண்டையில் கல்வெட்டாகிவிட்டது.

*

"அதிகமா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை நாலைந்து தமிழ்க் குடும்பம் கூடுவோம். அங்கே இதைச் சொன்னபோது நண்பர் ஒருத்தர் கேட்டார்: "ஏங்க, எட்டு இலக்கம் எழுதினா என்ன நஷ்டம்? படிக்கிறவன் வேணுங்கறத எடுத்துக்கட்டும், மிச்சத்த விட்டுடட்டும்." நல்ல கேள்வி. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பதில் இதுதான். எதை விடணும் என்று படிக்கிறவருக்குத் தெரியாது. அது அளந்தவருக்கு மட்டும்தான் தெரியும். கருவி எது, கை நடுங்கியதா, வெயில் எவ்வளவு, எல்லாம் அவர் கூடவே இருந்தது. 24.543693 என்று எழுதிவிட்டுப் போனால், பின்னால் வருகிறவர் "ஓ, பத்துக் கோடியில் சில பங்கு வரைக்கும் அளந்திருக்கிறார்கள்" என்றுதான் நம்புவார். நம்பி, அதன் மேல் ஒரு கணக்குப் போடுவார்.

ஒரு டிஜிட்டல் கேலிப்பரை எடுங்கள். திரையில் 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் காட்டும். ஆனால் கருவியின் துல்லியம் வழக்கமாக ±0.02 மில்லிமீட்டர்தான். திரை காட்டுகிறது என்பதற்காகக் கருவிக்குத் தெரியும் என்று அர்த்தமில்லை. ஐந்து நிமிஷம் ஃபாஸ்டாக ஓடுகிற சுவர்க் கடிகாரமும் வினாடி முள்ளை அழகாகத்தான் காட்டுகிறது! நுட்பம் வேறு, துல்லியம் வேறு. இன்னொன்று: நீள அளவுக்கு உலகமே வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. மே மாசம் ஷெட்டுக்குள் 40 டிகிரி. 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு அந்த 20 டிகிரிக்கே 0.02 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீண்டுவிடும். அந்த ஷெட்டில் நின்றுகொண்டு, சூட்டைக் கணக்கில் எடுக்காமல், 100.0000 என்று ஒருத்தர் எழுதினால் அவருக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இன்னொரு நண்பர், "ராக்கெட் விடறவங்க இலக்கத்த வெட்டிக்கிட்டா இருக்காங்க?" என்றார். வெட்டுகிறார்கள்! ஈர்ப்பு மாறிலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1798-இல் கேவண்டிஷ் சோதனை செய்ததிலிருந்து இத்தனை காலம் ஆகியும், 2022-இன் அதிகாரபூர்வ மதிப்பு 6.67430, அதிலும் கடைசி இரண்டு இலக்கத்தில் 15 கூடக்குறைய இருக்கலாம் என்று அவர்களே சொல்லி எழுதுகிறார்கள். உலகத்து மூளையெல்லாம் சேர்ந்து அவ்வளவோடு நிறுத்துகிறது. ஆனால் அந்த மாறிலியையும் பூமியின் நிறையையும் பெருக்கி வரும் எண், செயற்கைக்கோள்களைக் கவனித்ததால், சுமார் 9 இலக்கம் வரைக்கும் தெரியும். விண்கலத்தை ஓட்டுகிறவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். சம்பாதித்த இலக்கத்தைச் செலவு பண்ணுகிறார்கள், கடன் வாங்கிய இலக்கத்தை வைத்து ஜம்பம் அடிப்பதில்லை.

*

நம்ம பங்கு

இப்போது 'கீழே' வருவோம். ஊரை விட்டு வந்த நமக்குப் பிள்ளைகளின் எண்தான் சொத்து. நிலமில்லை, சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை, இங்கே சிபாரிசுக்கும் ஆளில்லை. எனவே மார்க். அதிலும் தசமம். "உங்க பையன் எவ்வளவு?" "94.2." "எங்களுக்கு 94.6." இந்த 0.4-ஐச் சொல்லும்போது வருகிற சிரிப்பு இருக்கிறதே!

ஜேஇஇ மெயின் தேர்வில் சதமான மதிப்பெண் ஏழு தசமம் வரைக்கும் வருகிறது. ஒரே எண்ணில் நிறையப் பேர் குவியாமல் இருக்க, சமநிலையைக் குறைக்க என்று காரணமும் சொல்கிறார்கள். சரி, வரிசை போட ஏதாவது வழி வேண்டும். ஆனால் ஒரு ஷிஃப்டில் ஒரு லட்சம் பேர் எழுதினார்கள் என்று வையுங்கள். ஓர் ஆள் முன்னே பின்னே போனால் மாறுவது 0.001. அதற்குப் பின்னால் வருகிற நாலு இலக்கம் வகுத்தலில் விழுந்த மிச்சம். அதுவாவது போகட்டும். அன்றைக்குக் காலையில் பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் போகிறது எத்தனையாவது இலக்கம்? முதல் தசமமே போகுமே!

வரிசை போடுவதற்கான எண்ணை, பிள்ளையின் அறிவை அளந்த எண்ணாக நாம்தான் வீட்டுக்குள் மாற்றுகிறோம். அதை ஏஜென்சியும் செய்யவில்லை, ஆசிரியரும் செய்யவில்லை. அதே வீட்டில் வளர்கிற பிள்ளை 24.543693 என்று எழுதாமல் வேறு எப்படி எழுதும்? அதிக இலக்கம் என்றால் அதிக புத்தி என்று அது நம்மிடம்தான் கற்றுக்கொண்டது.

ஊருக்கு உபதேசம் போதும். இனி என் கதை.

*

அப்பா

எங்க அப்பா தச்சு வேலை பார்த்தவர். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. அவருடைய அலகு அங்குலமும் நூலும். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் நம் கணக்கில் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வாசல் நிலைக்கு அளவு சொன்னால், "ஏழடி, கூடக்குறைய ரெண்டு நூல்" என்பார். இழுப்பறைக்கு என்றால், "அரை நூல் தப்பக் கூடாது" என்பார். சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், நிலைக்கும் அரை நூல் பார்த்தால் என்ன என்று. "மழை பேஞ்சா வேப்பமரம் ஊதும். அது ஊதுறது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத அரை நூல்னு சொன்னா அது பொய்யிடே" என்றார். முக்கிய எண்ணுருக்கள் பாடத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா இல்லை. தனியாக ஊரில்தான் இருப்பேன் என்கிறார். வெளியூரில் இருக்கிற மகன் என்ன செய்வான்? விரலில் குத்திப் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கி அனுப்பினேன். தினம் காலையில் ஏழு மணிக்குப் போன். "அப்பா, இன்னிக்கு எவ்வளவு?" அவர் சொல்லுவார், நான் எக்செலில் போடுவேன். வரைபடம். வாரச் சராசரி, இரண்டு தசமத்தோடு. 133.43.

சிரிக்காதீர்கள். ஆபீஸில் பிழை அளவு போடாத சான்றிதழை முகத்தில் விட்டெறிகிறவன், வீட்டில் 133.43 என்று போட்டு வைத்திருந்தேன்.

வீட்டு மீட்டர்களுக்கு ஒரு சர்வதேச நியமம் உண்டு, ஐஎஸ்ஓ 15197. அதன் 2013 பதிப்புப்படி, 100-உம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தரம் ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் மீட்டர் பாஸ். உண்மையான அளவு 130 என்றால் 111 காட்டினாலும் பாஸ், 149 காட்டினாலும் பாஸ். நல்ல மீட்டர்கள் இதைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் கை கழுவாமல் பழம் தொட்ட விரலில் குத்தினால்கூட எண் ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் கேட்டேன்: "நேத்து 128, இன்னிக்கு 137. ஒன்பது ஏறியிருக்கு. ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? பொய் சொல்லாதீங்க."

அந்த ஒன்பது அளவீடே இல்லை. வெறும் இரைச்சல். அந்த இரைச்சலை வைத்து, பொய்யே சொல்லாத ஒரு தச்சரைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் காலையில் ஏழு மணிக்கு நான் போன் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா போன் வந்தது. "தம்பி, பெரியப்பா வாசல்ல உக்காந்துட்டாக. வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது." அந்த அக்கா புத்திசாலி. சீனித் தண்ணி கொடுத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டு போய்விட்டார். அங்கே குத்திப் பார்த்தபோது 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்பார்கள். விசாரித்தால், காலையில் எண் ஏறியிருந்தால் மகன் சத்தம் போடுவானே என்று இரண்டு ராத்திரி சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

அந்த 58-க்கும் 15 கூடக்குறைய உண்டு என்று யாராவது வாதாடலாம். வேர்வைக்கும் குழறலுக்கும் கூடக்குறைய கிடையாது. ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்த அந்த அக்காதான் அன்றைக்குச் சரியாக அளந்தவர்.

அடித்துப் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். டாக்டர், "ஒரு நாள் எண்ணப் பாக்காதீங்க, போக்கப் பாருங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தப் பரிசோதனை வச்சு முடிவு பண்ணுவோம். மாத்திரை போட்டா சாப்பாட்ட விடக் கூடாது" என்றார். ஐந்து நிமிஷம். எக்செலைக் காட்டலாம் என்று லேப்டாப் கொண்டுபோயிருந்தேன், வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். "ஏம்ப்பா சாப்பிடல?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எய்யா, நீ போன எடுத்ததும் எவ்வளவுன்னுதான கேக்க. சாப்பிட்டீங்களான்னு கேக்கிறதே இல்லியே."

*

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு மீட்டர் ஊருக்குப் போயிருக்கும். அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. பெற்றோர் கூட்டத்தில் மார்க் கூட்டச் சொல்லிச் சண்டை போடாதீர்கள். 2.50-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் உண்டு என்று விடைக்குறிப்பில் எழுதச் சொல்லிச் சண்டை போடுங்கள். பாடத்திலிருந்து வெட்டிய பிழைப் பகுதியை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். ஒரு மேசை, ஒரு ஸ்கேல், நாலு பேர், பத்து நிமிஷம் போதும்.

இரண்டு. ஓர் எண்ணைக் கேட்டதும், "இது எவ்வளவு கூடக்குறைய?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பதில் சொல்லத் தெரியாத எண்ணை, அது எத்தனை தசமத்தோடு வந்தாலும், மரியாதையோடு ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் சதமானமும் இதில் சேர்த்தி.

மூன்று. ஊரில் இருக்கிறவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் குறித்து வைக்கச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் ஒற்றை இலக்க ஏற்ற இறக்கத்துக்கு விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். ரொம்பத் தாழ்ந்தால், ரொம்ப ஏறினால், உடம்புக்கு ஏதாவது செய்தால் உடனே டாக்டர். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. நம் எக்செல் வேலை இல்லை.

மகளின் அரை மார்க்குகள் திரும்பி வரவில்லை. அடுத்த சோதனை திருகு அளவி. "என்னப்பா எழுதட்டும்? அவங்களுக்குப் பிடிச்சதா, சரியானதா?" என்று கேட்டாள். "எது வரைக்கும் பார்த்தியோ அது வரைக்கும் எழுது. அரை மார்க் போனா அப்பா கணக்குல வச்சுக்க" என்றேன். தங்கமணி முறைத்தார்.

காலையில் ஏழு மணிப் போன் இப்போதும் உண்டு. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். நேற்று அவராகவே சொன்னார்: "நூத்தி முப்பது வாக்குல இருக்குய்யா. கூடக்குறைய ரெண்டு நூல்."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மீட்டர் பற்றிச் சொன்னது அளவைக்காரனாகச் சொன்னது. மாத்திரையைப் பற்றிய சந்தேகத்தை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.